திருகோணமலைக் கரைமணலும் உலோகங்காண் கருவியும்

நிலத்துள் மறைந்து கிடக்கும் பொருளை அறிதல் வேண்டும் என்னும் வேட்கை மக்களிடத்துத் தொன்றுதொட்டு இருந்து வருவதாகும். பாதாளாஞ்சனம் என்னும் மையைக் கண்ணில் தீட்டிக்கொள்வோர்க்கு மண்ணுள் புதைந்த நிதி புலனாகும் என்று முன்னோர் நம்பினர். அம்மையின் இடத்தை இக்காலத்திற் பிடித்துக்கொண்டது உலோகங்காண் கருவி. மை தீட்டியவன் கண்ணாற் கண்டான் என்பர். கருவி தாங்கியவனோ காதாற் கேட்கின்றான். மேனாட்டுக் கடற்கரைகளிலே காலையும் மாலையும் இக்கருவியை மணல்மீது வீசி நடந்து, பிறர் தவறவிட்ட நாணயங்களையும் மோதிரங்களையும் எடுத்தல் பலருக்குப் பொழுதுபோக்காக அமைந்துளது.

இலங்கையின் கீழ்கரையிலே திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மணற்பரப்பில் ஒருவன் இக்கருவியோடு நடப்பானாயின், அவன் காதில் விழுவன யாவை? அவற்றுள் அவனுக்கு உரியன எவை, பிறர்க்கு உரியன எவை, நாட்டுக்கு உரியன எவை, இறைவனுக்கு உரியன எவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு முதலிற் கருவியின் இயல்பையும், பின்னர் மணலின் இயல்பையும், அதன்பின் அம்மணல் தாங்கும் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

கருவியின் இயல்பு

1831ஆம் ஆண்டிலே மைக்கல் பரடே என்னும் அறிஞர் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். மாறுகின்ற காந்தப்புலத்தின் நடுவே ஓர் உலோகம் இருப்பின், அவ்வுலோகத்துள் மின்னோட்டம் எழும் என்பதே அதன் சாரம். உலோகங்காண் கருவி இவ்வுண்மையின்மீது எழுந்தது. நீண்ட தண்டின் நுனியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று உளது. அதனூடாக விரைந்து திசைமாறும் மின்னோட்டம் செல்ல, மணலுள் மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகின்றது. மணலில் நாணயம் ஒன்று கிடப்பின் அதனுள் சுழலோட்டங்கள் பிறக்கும். அச்சுழலோட்டங்கள் தமக்குரிய சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஒலியாக்கி நடப்பவன் காதுக்கு அனுப்பும்.

தொலைபேசியை அமைத்த அலெக்சாந்தர் கிரகம் பெல் 1881ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். அமெரிக்க சனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டுக் கிடந்தபோது, அவர் உடலுட் புதைந்த குண்டு இருக்கும் இடத்தை அறிவதே அவர் நோக்கம். படுக்கையில் இருந்த உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். குண்டு அகப்படவில்லை, சனாதிபதியும் உயிர் நீத்தார். இரண்டாம் உலகப் போரிலே போலந்து நாட்டைச் சேர்ந்த கொசாக்கி என்னும் பொறியியலாளர் நிலக்கண்ணிகளைக் காணும் கருவியை அமைத்தார். அது 1942ஆம் ஆண்டு எல் அலமைன் போர்க்களத்தில் வழி திறக்க உதவியது. ஆகவே இக்கருவி பிறந்தது உயிர் காக்கவே. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2009இல் போர் ஓய்ந்தபின், வயலிலும் வீட்டு வளவிலும் புதைந்திருந்த கண்ணிவெடிகளை அகற்றுவோரின் கையிலே மக்கள் இதனைப் பெரிதும் கண்டனர்.

இக்கருவிக்கு எல்லைகளும் உள. சிறு நாணயம் ஒன்றாயின் ஒரு சாணளவு ஆழத்துக்குக் கீழே பெரும்பாலும் அது செவிடாகிவிடும். அன்றியும், கேட்பது உலோகத்தின் ஒலியே ஒழிய, பொருளின் பெயரன்று. பொன்மோதிரமும் குளிர்பானத் தகரத்தின் இழுவளையமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தருவன. அலுமினியம் என்று கருதி ஒதுக்கினவன் பொன்னையும் ஒதுக்கிவிடுவான். பொன் என்று தோண்டினவன் பத்து முறையில் ஒன்பது முறை குப்பையையே எடுப்பான்.

கரைமணலின் இயல்பு

கடற்கரையில் இக்கருவிக்கு இரண்டு இடையூறுகள் உள. ஒன்று உப்பு நீர்; மற்றொன்று கருமணல். உப்பு நீர் மின்னைக் கடத்துமாதலின், நனைந்த மணல் முழுவதும் ஓர் உலோகத் தகடு போலக் கருவிக்குத் தோன்றும். இதன் பொருட்டே தொடர் மின்னோட்டத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் வேறுவகைக் கருவிகள் அமைக்கப்பட்டன. துடிப்பு ஓய்ந்தவுடன் நீரில் எழுந்த ஓட்டம் விரைந்து அடங்கும்; உலோகத்தில் எழுந்த ஓட்டம் சிறிது நின்று அடங்கும். அவ்விடைவெளியிலே கருவி காது கொடுத்துக் கேட்கின்றது.

கருமணலோ திருகோணமலை மாவட்டத்தின் தனிச்செல்வம். நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் முதலிய கனியங்கள் மிக்க மணல் குவிந்துளது. அதனை எடுப்பதற்கென 1957ஆம் ஆண்டில் அரசுக் கூட்டுத்தாபனமும் அமைக்கப்பட்டது. இரும்புச் சத்துடைய இம்மணல் கருவியைக் காரணமின்றி ஓலமிடச் செய்யும்.

ஆயினும் இடையூறாய் நிற்கும் இக்கருமணலே தேடுவோனுக்கு ஆசிரியனுமாகும். அது அங்கே குவிந்தமைக்குக் காரணம் யாது? கரைக்கு ஏறும் அலை கனத்த மணியையும் இலேசான மணியையும் ஒருங்கே கொண்டுவருகின்றது. வலிகுன்றித் திரும்பும் நீரோ இலேசானதை மட்டும் இழுத்துச் செல்கின்றது. முறத்திற் புடைக்கும்போது பதர் பறக்க நெல் தங்குவது போல, கனத்தது பின்தங்குகின்றது. சாதாரண வெண்மணல் நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு அடர்த்தியுடையது, இல்மனைற்று 4.7 மடங்கு, செம்பு 8.9, வெள்ளி 10.5, தூய பொன் 19.3. எனவே கருமணல் வரியிட்டுக் கிடக்கும் இடமே நாணயமும் நகையும் தங்கக்கூடிய இடமாகும். பொற்கொல்லர் தெருப்புழுதியை நீரில் அரித்துப் பொற்றுகள் எடுப்போரின் தொழிலும் இவ்வியல்பையே பற்றியது. அவர்கள் மரத்தட்டிற் செய்வதைக் கடல் கரை முழுவதிலும் செய்கின்றது.

காற்றுகளும் இதில் பங்கு கொள்வன. சோளகம் வீசும் மாதங்களில் கீழ்கரைக் கடல் அமைதியாயிருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நீராடுவோர் பெருகுவது அப்பொழுதே. நீரிற் குளிர்ந்த விரல் சுருங்க, மோதிரம் தானே கழன்று விழுகின்றது. வாடைக்காற்று எழுந்தபின் கடல் கொந்தளித்துக் கரையை அரிக்கும். கோடையில் மூடிய மணலை மாரி வாரிக்கொண்டு செல்ல, முன்னர் ஆழத்திற் கிடந்தது மேலே வருகின்றது. ஒரே கரை ஆறு மாதம் உண்டியலாகவும் ஆறு மாதம் திறந்த கையாகவும் இருக்கின்றது எனலாம்.

மணலிற் கிடைப்பன

இத்தகைய கரைகளில் முதலிலும் மிகுதியாகவும் அகப்படுவன பயனற்ற பொருள்களே: சோடாப் போத்தல் மூடிகள், ஆணிகள், கரைவலையிலிருந்து அறுந்து வீழ்ந்த ஈயக்குண்டுகள், துரு ஏறிய இரும்புத் துண்டுகள். போர்க்காலம் பல கண்ட துறைமுகமாதலின் வெற்றுத் தோட்டாக்களும் அகப்படுதல் இயல்பு. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அன்று எரியுண்ட ‘சகாயிங்’ என்னும் கப்பல் துறைமுகத்துள்ளேயே நெடுங்காலம் கிடந்து, 2018ஆம் ஆண்டில் கடற்படையினரால் மிதக்கவிடப்பெற்று, வேறிடத்தில் மீண்டும் அமிழ்த்தப்பட்டது. வெடிக்காத குண்டும் கருவிக்கு வெறும் உலோகமே என்பதை இங்கு மறத்தலாகாது.

இவற்றுக்கு இடையிலே நாணயங்கள். திருகோணமலை வணிகரும் படைஞரும் மாறி மாறி வந்துபோன துறையாதலின், அங்கு வழங்கிய காசுகள் பல. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் பொறித்த இராசராசன் காசு. அதனைப் பின்பற்றிப் பொலனறுவை மன்னர் வெளியிட்ட செப்புக்காசு. நந்தியின் உருவும் ‘சேது’ என்னும் தமிழ் எழுத்தும் பொறித்த யாழ்ப்பாண மன்னர் காசு. ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரை பதித்த செப்புத்துட்டு. ஆங்கிலர் ஆட்சியின் தொடக்கத்தில் வந்த யானைக்காசு. 1872 முதல் வழங்கிய சதம் ஆகியன இலங்கையில் வழங்கியவற்றுட் சில. ‘துட்டு’ என்னும் சொல்லே ஒல்லாந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் தம் இலங்கைக் காசுகளை அடித்த இடங்களுள் திருகோணமலையும் ஒன்று. அங்கு அடித்தவற்றில் அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தனர்.

கடலின் கையிற்பட்ட உலோகம் தன் குணத்துக்கேற்ப மாறுகின்றது. பொன் நூறாண்டு கிடந்தாலும் நேற்று வீழ்ந்தது போல் மின்னும். வெள்ளி கறுத்துக் கரித்தட்டாகும். செம்பு பசுங்களிம்பேறும், உப்பின் நஞ்சு உள்ளே புகுந்தபின் வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் அது பொடிந்து உதிரவும் கூடும். ஆகவே புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கப் புகுவோர் பழங்காசின் எழுத்தையே அழித்துவிடுகின்றனர். காசு பேசுவது அவ்வெழுத்தால். எழுத்தழிந்தபின் எஞ்சுவது செம்பின் எடை மட்டுமே.

தனிக்காசும் காசுக்குவையும்

காசு எழுத்தால் மட்டுமன்றிக் கிடந்த இடத்தாலும் பேசுகின்றது. இக்கருத்தை விளக்கத் தக்க சான்று இலங்கைக் கடலிலேயே உளது. 1961ஆம் ஆண்டிலே தென்கீழ்க் கடலிலுள்ள பெரிய பாசுப் பாறைத்தொடரிற் சுழியோடிய மைக் வில்சனும் அவருடன் சென்ற இளைஞர் இருவரும் பழைய கப்பல் ஒன்றின் சிதைவைக் கண்டனர். அங்கே ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி நாணயங்கள் வீதம் ஒட்டி இறுகிய கட்டிகள் கிடந்தன. பை உக்கிப் போயினும் பையின் வடிவம் மாறவில்லை. நாணயங்கள் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்து நகரில் அடிக்கப்பட்டவை. அவற்றிற் பொறித்த ஆண்டு இசுலாமிய ஆண்டு 1113, அஃதாவது கி.பி. 1702ஐ ஒட்டிய காலம். இக்கண்டுபிடிப்பை ஆர்தர் சி. கிளார்க் 1964இல் நூலாக எழுதினார்.

அக்கட்டிகளை உடைத்து ஒவ்வொரு நாணயமாக விற்றிருந்தால் கிடைத்திருப்பது பல சூரத்து உரூபாக்கள். அத்தகையன உலகிற் பல உள. கட்டியாகக் கிடந்தமையாலன்றோ அவை சில்லறையாகப் புழங்கிய பணம் அல்ல, அக்கசாலையிலிருந்து நேரே பையிலிட்டுக் கப்பலேற்றிய பணம் என்பது தெளிவாயிற்று! ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே பை என்னும் மூன்றும் சேர்ந்தே கப்பல் மூழ்கிய காலத்தையும் அது கொண்டுசென்ற சரக்கின் தன்மையையும் உரைத்தன.

இதற்கு மறுதலையான நிலையைத் தமிழகத்துக் கருவூரிற் காணலாம். அங்கு அமராவதி ஆற்றுமணலை அரித்துக் காசெடுப்போர் கையிலிருந்து சங்ககாலச் சேரர் காசுகள் வெளிவந்தன. ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’, ‘கொல்லிப்புறை’ என்னும் எழுத்துடைய அக்காசுகளைத் தேடிப்பெற்று ஆராய்ந்து வெளியிட்டார் இரா. கிருட்டிணமூர்த்தி. சங்க இலக்கியம் கூறும் பெயர்கள் உலோகத்திற் காணப்பெற்றமை தமிழ் வரலாற்றுக்குப் பெரும்பேறு. எனினும் ஆற்றுமணலில் அடுக்கு இல்லை. அக்காசுகளோடு உடன்கிடந்த பானையோடும் மணியும் யாவை என்பதற்குச் சான்றில்லை. எனவே அவற்றின் காலத்தை எழுத்தின் வடிவும் உருவின் பாணியும் கொண்டே அறிஞர் வரையறுக்க வேண்டியதாயிற்று. அரிப்போர் அவற்றை உருக்காது விட்டமையே நற்காலம்.

ஆகவே மணலில் எடுக்கும் பொருளை இருவகையாகப் பகுத்தல் வேண்டும். அலை புரட்டும் கரையில் நேற்று வீழ்ந்த மோதிரமும் 300 ஆண்டுப் பழங்காசும் அருகருகே கிடக்கலாம். அங்கே அடுக்கு ஏற்கெனவே கலைந்தது. அலை எட்டாத மேட்டிலோ, பழங்கோயில் நிலத்திலோ, கடலடிக் கப்பற் சிதைவிலோ அடுக்கு இன்னும் குலையாதிருக்கின்றது. முன்னதிற் பொருளை எடுப்பவன் பொருளை மட்டுமே எடுக்கின்றான். பின்னதிற் பொருளை எடுப்பவன், ஒருமுறையே படிக்கத்தக்க ஏட்டின் ஓர் இதழைக் கிழித்தெடுக்கின்றான்.

கோணமலை தரும் பாடம்

திருகோணமலையில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதொன்றன்று. சுவாமி மலையில் ஓங்கி நின்ற கோணேசர் ஆலயம் 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சாவின் படையால் அழிக்கப்பட்டது என்பது வழங்கிவரும் வரலாறு. ஆலயத்தின் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. பல கடலில் வீழ்ந்தன. அக்கோட்டையே பிற்காலத்தில் பிரடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. கோயில் அழிந்தபோது அதனைச் சார்ந்த சாசனங்களும் கணக்கேடுகளும் அழிந்திருத்தல் வேண்டும். எனவே கோணமலையின் வரலாற்றுக்கு எஞ்சிய ஏடு மண்ணும் கடலுமே.

அவ்வேட்டிலிருந்து சில இதழ்கள் கிடைத்துள. நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு, கோணமலையிலிருந்த மச்சகேச்சரம் என்னும் கோயிலுக்கு நிலம் வழங்கப்பட்டமையைக் கூறுகின்றது. மானாங்கேணியிற் கிடைத்த கல்வெட்டு, சோழ இலங்கேசுவரன் என்னும் பெயர் தாங்கி இங்கு ஆண்ட சோழப் பிரதிநிதியை அறிவிக்கின்றது. இவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர் செ. குணசிங்கம். கற்கள் அவ்வவ்விடத்திலேயே அறியப்பட்டமையால் கோயிலின் செல்வாக்கு நகரெல்லையைக் கடந்து வடக்கே பரந்திருந்தமை புலனாயிற்று.

1950ஆம் ஆண்டிலே கோட்டைக்கு அண்மையிற் கிணறு வெட்டிய தொழிலாளரின் மண்வெட்டி உலோகத்திற் பட்டது. மண்ணை விலக்க, சிவபெருமானும் அம்மையும் ஆகிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றைக் குறித்துப் பாலேந்திரா 1953இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழில் எழுதினார். அத்திருமேனிகள் சிதறிக் கிடவாது ஒருங்கே புதைந்திருந்தமை கருதத்தக்கது. பகைவர் வருமுன் அடியார்கள் அஞ்சிய கையோடும் நடுங்கிய நெஞ்சோடும் அவற்றை மறைத்தனர் என்று ஆராய்ச்சியாளர் துணிந்தமைக்கு அக்கிடக்கையே சான்று. எழுதப்பட்ட சாசனம் எதுவும் சொல்லாத ஓர் இரவின் கதையைக் குழி சொல்லிற்று.

பின்னர் 1956ஆம் ஆண்டில் கிளார்க்கும் வில்சனும் சுவாமி மலையின் அடியிற் கடலுட் சுழியோடி, செதுக்கிய தூண்களும் படிக்கற்களும் பாறைகளுக்கு இடையே கிடத்தலைக் கண்டனர். கடலடியிலிருந்து வில்சன் கண்டெடுத்த இலிங்கம் மீண்டும் ஆலயத்தை அடைந்தது. ஆலயம் புதுக்கப்பெற்று 1963ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. பின்னாளில் வில்சன் சைவத் துறவியாகிச் சுவாமி சிவகல்கி எனப் பெயர் பூண்டதும் அறியத்தக்கது.

ஒன்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1950க்கு முன்னர் ஓர் இரவிலே கருவியோடு வந்த ஒருவன் அக்குழியைக் கண்டிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? அவன் காதுக்கு நல்லொலி கேட்டிருக்கும். திருமேனிகள் கடல் கடந்து யாரோ ஒருவர் கூடத்தை அலங்கரித்திருக்கும், அல்லது உலையிற் செம்பாகியிருக்கும். மூன்று நூற்றாண்டுக்கு மேலாக மண் காத்த அடைக்கலத்தை ஒரே இரவு அழித்திருக்கும்.

உடைமை யாருடையது

கண்டெடுத்த பொருள் யாருடையது என்னும் வினா பழையது. கௌடிலியரின் பொருள்நூல், நிதியைக் கண்டு அறிவிப்பவனுக்கு ஆறில் ஒரு பங்கும், அவன் கூலியாளாயின் பன்னிரண்டில் ஒரு பங்கும் வகுக்கின்றது. திருக்குறளின் பொருள் செயல்வகை அதிகாரம் ‘உறுபொருள்’ என்பதனை வேந்தன் பொருள்களுள் ஒன்றாக வைக்கின்றது. உடையவர் இறந்துபட நிலத்திலே நெடுங்காலம் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்பட்ட பொருளும் அதனுள் அடங்கும் என்பது பரிமேலழகர் உரைக்கருத்து.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் இவ்வழியே நிற்கின்றது. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளுக்கு, அஃதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்ட நாணயம், நகை, மணி, சிலை, படைக்கலம் முதலியன தொல்பொருள் எனப்படும். அதுவரை கண்டறியப்படாதிருந்த தொல்பொருள் அனைத்தும் அரசுக்கு உரியன. ஒருவனுடைய நிலத்திற் கிடைத்தது என்பதனால் மட்டும் அது அவனுடையதாகாது. கண்டவன் அறிவித்தல் வேண்டும். உரிமப் பத்திரம் இன்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் குற்றமாகும். சேதுக்காசும் ஒல்லாந்தர் துட்டும் இவ்வெல்லைக்குள் அடங்கும். 1872இன் சதம் அடங்காது.

அண்மைக்காலத்து மோதிரத்தின் நிலை வேறு. இலங்கையில் வழங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டம் கைவிட்ட பொருளையும் இழந்த பொருளையும் பிரித்து நோக்குகின்றது. வேண்டாம் என்று விட்டெறிந்ததைக் கண்டவன் கொள்ளலாம். தவறவிட்டதோ உடையவனுக்கே உரியது. புயலிலே கப்பலைக் காக்கும்பொருட்டுக் கடலில் எறிந்த சரக்கும் உடையவன் உரிமையை விட்டு நீங்காது என்பது உரோமச் சட்ட நூலோர் கொள்கை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து கீழ்கரை ஊர்களை வாரியபோது, வீட்டோடு பெட்டியும் பெட்டியோடு நகையும் போயின. அவற்றை எவரும் கைவிடவில்லை. கரையில் அகப்படும் தாலிக்கொடி ஒருத்தியின் வாழ்வு. அதனைச் சந்தைவிலையால் அளத்தல் அறமாகாது. உடையவரை அறிந்தோ, அறியக்கூடிய வழியிருந்தும் தேடாதோ, தனதாக்கிக்கொள்பவனைத் தண்டனைச் சட்டக்கோவையும் குற்றவாளியாகவே கருதும்.

இனி, இறைவனுக்கு உரியது. ஆடியமாவாசையிற் கடலாடுவோரும், மலையுச்சியில் நின்று கடலை நோக்கி வழிபடுவோரும் நீரில் இடும் காசு இழந்ததும் அன்று, கைவிட்டதும் அன்று; அது கொடுத்தது. சிவன் சொத்துக் குலநாசம் என்பது பழமொழி. சட்டம் இதனை எவ்வாறு நோக்கினும், அக்காசின்மீது கருவியை வீசுபவன் உண்டியலிற் கைவிடுபவனின் வேறல்லன் என்பதே சைவ மக்களின் உள்ளக்கிடக்கை.

கருவியால் விளையும் நன்மை

இவ்வளவும் கூறியதனால் கருவியே தீது என்று கொள்ளற்க. அமெரிக்காவில் லிட்டில் பிக்கார்ன் என்னும் பழைய போர்க்களத்தை 1984ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர்கள் உலோகங்காண் கருவிகளை வரிசை வரிசையாக நடத்தினர். ஒலி கேட்ட இடந்தோறும் கொடி நாட்டி, ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தையும் திசையையும் வரைபடத்தில் ஏற்றிய பின்னரே எடுத்தனர். யார் எங்கிருந்து சுட்டனர், எங்கே பின்வாங்கினர் என்பதனை அவ்வரைபடம் காட்டிற்று. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்பின், தனியார் கண்டெடுத்த சிறு தொல்பொருள்களை இடத்தோடு பதிவு செய்யும் திட்டம் 1997இல் தொடங்கிற்று. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதிற் பதிவாகியுள. காலியில் 1659ஆம் ஆண்டில் மூழ்கிய ‘அவொண்டுசுதர்’ என்னும் ஒல்லாந்தக் கப்பலை இலங்கைக் கடற்றொல்பொருளறிஞர் அளந்து, வரைந்து, ஆராய்ந்தமை நம் நாட்டிலேயே நிகழ்ந்த நன்முயற்சி.

இவ்வனைத்திலும் கருவி ஒன்றே. கருவியைப் பிடித்த கையின் நோக்கமே வேறு. ஆதலின் கரையிலே பழம்பொருள் ஒன்றைக் காண்போர் செய்யத்தக்கன சிலவே. அதனைத் தேய்த்துத் துலக்காதிருத்தல். கண்ட இடத்தை, அருகிலுள்ள பாறையோ பனையோ கொண்டு குறித்துக்கொள்ளுதல். உடன்கிடந்த ஓடு, மணி, எலும்பு முதலியவற்றை அற்பமென எறியாதிருத்தல். ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் ஓரிடத்தில் ஒட்டிக் கிடப்பின் தோண்டுதலை அவ்வளவில் நிறுத்துதல். தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தல். உருண்டு பருத்த இரும்புப் பொருளாயின் தொடாது விலகிக் காவல்துறைக்கு அறிவித்தல். புதுநகையாயின் அவ்வூர்க் கோயிலிலோ காவல் நிலையத்திலோ சொல்லி உடையவரைத் தேடுதல்.

பாதாளாஞ்சனம் தீட்டியவன் நிதியைக் கண்டால் அதனைக் காக்கும் பூதத்தையும் காண்பான் என்று பழங்கதை கூறும். அக்கதையைப் பொய்யென்று ஒதுக்கினும் அதன் உட்கருத்தை ஒதுக்குதல் இயலாது. மண்ணில் மறைந்த பொருள் ஒவ்வொன்றையும் ஒரு காவல் சூழ்ந்துளது. அது சிலபோது ஒரு தாயின் கண்ணீர்; சிலபோது ஓர் அடியானின் நேர்த்தி; சிலபோது எழுத்தில் ஏறாத ஓர் ஊரின் வரலாறு. கருவி உலோகத்தை அறிவிக்கும். அதனைச் சூழ்ந்த காவலை அறிவியாது. அதனை அறிதற்குரிய கருவி கற்றவரின் நெஞ்சமே. கற்கள் கோட்டையிலும் கடலிலும் சிதறிய கோணமலை போன்ற பதியிலே, எஞ்சிய ஏட்டைக் கிழியாது படித்தல் அங்கு வாழும் தலைமுறைக்கு உரிய கடனாகும்.